மெழுகுத் துண்டைக் கொண்டுவந்தவருக்கும் புள்ளிகளை எண்ணியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கைத்தறி லுங்கி நெய்துவந்த என் தந்தையாருக்கு, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் புற்றுநோய் இருப்பது சென்ற ஆண்டு ஏப்ரலில் உறுதியானது. சோறு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது என்று அவர் சொல்லத் தொடங்கிய பிறகும் இரண்டு மாதம் ஓரிடத்தில் வாயுத் தொல்லைக்கே மாத்திரை கொடுத்தார்கள். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை. வேலூருக்கு அழைத்து வந்தபோது நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள்.

எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கிய மருத்துவர் அம்மாவுக்கு முதல் நன்றி. நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் செதில் செல் வகை அன்று இது, சுரப்பி செல் வகை, ஆகவே கீமோவைத் தொடங்கும் முன் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான். அந்த மரபணு பெருகியிருந்தால்தான் ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியால் பயன் உண்டு. இல்லாதவருக்குப் போட்டால் பணமும் வீண், இதயத்துக்கும் சுமை.

பரிசோதனைக்கு, முதலில் பயாப்ஸி எடுத்த இடத்தில் சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகு பிளாக் தேவைப்பட்டது. அறிக்கைதான் கொடுத்தாயிற்றே, பிளாக் எதற்கு என்று அங்கே என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எதிர்வீட்டு அண்ணன் தம் தறியை நிறுத்திவிட்டுப் போய்க் கையெழுத்திட்டு வாங்கி, அக்கினி வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பயந்து, துணியில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தார். அந்த டப்பாவை வழி முழுவதும் மடியிலிருந்து இறக்கவே இல்லையாம்.

செல்களின் மேல் ஹெர்-2 புரதம் எவ்வளவு என்று பார்க்கும் சாயப் பரிசோதனையில் 2+ என்று வந்தது. 3+ என்றால் உண்டு, 0, 1+ என்றால் இல்லை, 2+ இரண்டுங்கெட்டான். அதோடு விட்டுவிடாமல், மரபணுவையே ஒளிரும் புள்ளிகளாக்கி எண்ணும் ஃபிஷ் பரிசோதனை செய்த நோய்க்குறியியல் துறையினரை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. இருண்ட திரையில் சிவப்புப் புள்ளி அந்த மரபணு, பச்சைப் புள்ளி அது இருக்கும் 17ஆம் குரோமோசோமின் மையம். சிவப்பு பச்சையைவிட இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் ஊசி போடலாம். மருத்துவர் படத்தைக் காட்டியபோது, இழை எண்ணியே பழகிய தந்தையார் தாமும் எண்ணத் தொடங்கிவிட்டார். இரு மடங்குக்கு மேலேயே இருந்தது.

இது நோயை வேரறுக்கும் மருந்து அன்று என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. இந்த ஊசியைச் சோதித்து 2010இல் வெளியான டோகா ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 11.1 மாதம், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.8 மாதம். இவ்வளவுதானா என்று அன்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன். இன்று அப்படிக் கேட்க மாட்டேன். இந்த ஊசிக்கு 2013இல் ஒப்புதல் பெற்ற உள்நாட்டுத் தயாரிப்பு கிடைத்ததால்தான் எங்களால் தொடர முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு கிடைக்காத கையைத் தடவித் தடவி ஊசி ஏற்றும் செவிலியர்களுக்கும், தவறாமல் எக்கோ எடுத்து இதயத்தைக் கண்காணிப்பவர்களுக்கும், சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள விட்ட எங்கள் தெருவினருக்கும் நன்றி.

தந்தையார் இப்போது குழைந்த சோறும் ரசமும் சாப்பிடுகிறார். காலையில் ஒரு மணி நேரம் தறியில் உட்காருகிறார். முதலில் முடித்த லுங்கி எதிர்வீட்டு அண்ணனுக்குப் போயிற்று. அடுத்தது யாருக்கு என்று கேட்டால், புள்ளி எண்ணியவர்களின் பெயரைக் கேட்டு வா என்கிறார்.

நன்றியுடன்,
நெசவாளர் ஒருவரின் மகன், குடியாத்தம்