தஞ்சோங் பகாரில் ஒரு சூளை

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் "சாப்பிட்டியா" என்று கேட்ட கையோடு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே எங்களைக் கட்டட வேலைக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிடும். இங்கே செங்கல்லைப் பார்ப்பதே அபூர்வம். சுவரைத் தொழிற்சாலையிலேயே வார்த்து டிரெய்லரில் கொண்டுவருகிறார்கள். கிரேன் தூக்கி நிறுத்தும். நாங்கள் மட்டம் பார்த்து அடியில் சாந்து அடைப்போம். கரணை பிடித்து எட்டு மாதமாகிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, கவலைப்படாதீர்கள்.

இன்று சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சீனர்கள் கடைவீதிக்கு நடுவே நம் ஊர் கோபுரம். இந்த ஊரிலேயே பழைய இந்துக் கோயில் அதுதான். அதைத் தொடங்கிய நாராயண பிள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

மலேயாவின் பினாங்குத் தீவில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர். 1819 மே மாதம், இந்த ஊருக்கு அடிபோட்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கே வந்தபோது, அதே கப்பலில் வந்து இறங்கினார். அப்போதுதான் ஊரே உருவாகிக்கொண்டிருந்தது. வந்து குவிகிற எல்லோருக்கும் வீடு வேண்டும், கல் வேண்டும். பிள்ளை இங்கே தஞ்சோங் பகார் என்ற இடத்தில் ஒரு செங்கல் சூளை போட்டார், அப்பா! பினாங்குக்கு ஆள் சொல்லி அனுப்பி கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இந்த ஊரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவர்தான். பேனா பிடித்த மனிதருக்குச் சூளை போடத் தோன்றியதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே தஞ்சோங் பகாரில் இப்போது 290 மீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டடம் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்த மண்ணையா மிதித்துக் குழைத்தார்கள் என்று பார்க்கிறேன்.

அப்புறம் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் வைத்தார். 1822இல் தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. சரக்கெல்லாம் கடனுக்கு எடுத்தது. பிள்ளை ராஃபிள்ஸிடமே போய் உதவி கேட்டார். வியாபாரப் பகுதியில் இடம் கிடைத்தது; மறுபடி கடை போட்டு மேலே வந்தார்.

கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில் இடம் கொடுத்தார்களாம். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. கடைசியில் இப்போதுள்ள இடம் 1823இல் அமைந்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகக் கட்டிமுடித்து, சின்ன அம்மனை வைத்தார். ஊருக்கே கல் அறுத்தவர் அம்மனுக்கு ஓலைக் கூரை போட்டிருக்கிறார் என்றதும் எனக்கு என்னவோ செய்தது. செங்கல் கட்டடம் பிறகு வந்தது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கைவேலைக்காரர்கள் கட்டியது என்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள், அப்பா.

பிரகாரச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அந்த ஐப்பசி மழை ஞாபகம் வந்தது. நம் சூளையில் தார்ப்பாய் பறந்துபோய், அறுத்து அடுக்கிய சுடாத பச்சைக்கல் முழுக்க ஒரே இரவில் கரைந்து சேறாகக் கிடந்தது. ஓரத்தில் தப்பிய ஒரே ஒரு கல்லை எடுத்து, உங்கள் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். அன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இங்கே வந்ததே அந்த நஷ்டத்தில் விழுந்த கடனுக்காகத்தான். அதை நான் ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை.

சூளை நிலத்துக்கு விலை பேசுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். கொடுத்துவிடாதீர்கள். கடனில் பாதிக்குமேல் அடைத்தாயிற்று. தைக்கு லீவு கேட்டிருக்கிறேன். நான் வரும்வரை அந்த மண்ணை யாரும் அள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் பலகைகளுக்கு எண்ணெய் தடவி உள்ளே எடுத்து வையுங்கள், கரையான் ஏறிவிடும்.

அம்மாவை மாத்திரையை வேளாவேளைக்குப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்