ராக் போய் ரெகேட்டோன் வந்த கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பாடும் எஃப்எம் நிலையங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஹூஸ்டனில் நெடுநாளாகக் குடியிருப்பவன். கட்டுரையில் முதல் உதாரணமாக வரும் 101.1 அலைவரிசையை, அது ராக் பாடிய காலத்திலிருந்தே காரில் கேட்டு வருகிறேன். ஓரிரு இடம் தவிர, கட்டுரையில் உள்ள தகவல்களில் பெரிய குறை இல்லை. ஆனால் சென்னை எஃப்எம்களில் தமிழோடு ஆங்கிலத்தைக் கலப்பதும் இதுவும் ஒன்றுதான், இப்படியே போனால் ஸ்பானிஷ் கரைந்துவிடும் என்று முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அந்த அலைவரிசை ராக்கை விட்டு ஸ்பானிஷ்-ஆங்கிலக் கலப்புக்கு மாறியது 2004 நவம்பர் 12-ஆம் தேதி. கேஎல்ஓஎல் என்ற அந்த நிலையம் 1970 முதல் ராக் இசைக்குப் பேர்போனது. கண்ணாடியில் அதன் ஸ்டிக்கர் ஒட்டிய பிக்கப் டிரக்குகளை ஊரெங்கும் பார்க்கலாம். ஒரே நாளில் அது 'மெகா 101' ஆனது. உரிமையாளர் மாறவில்லை, நாடு முழுக்க நிலையங்கள் வைத்திருந்த அதே கிளியர் சேனல் நிறுவனம்தான். பாட்டும் குரல்களும் மட்டும் மாறின. ராக் ரசிகர்கள் கொதித்தார்கள். இதில் திடீரென்று எதுவும் இல்லை. ஒன்றரை ஆண்டுக்குள் 20 முதல் 25 நிலையங்களை லத்தீன் அமெரிக்க வம்சாவளி நேயர்களுக்காக மாற்றப்போகிறோம் என்று அந்த நிறுவனம் செப்டம்பரிலேயே அறிவித்திருந்தது. அதற்கென்று ஆல்ஃப்ரெடோ அலோன்சோ என்ற அனுபவசாலியை மேலதிகாரியாகவும் அமர்த்தியிருந்தது.

காரணம் மக்கள்தொகைக் கணக்கு. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 3.53 கோடி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேர். ஹூஸ்டன் நகரத்திலோ நூற்றுக்கு 37 பேர். அதில் இளைஞர்கள் ஏராளம், விளம்பரதாரர்கள் தேடி ஓடும் வயது அது. அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு முழு ஸ்பானிஷ் நிலையங்கள் ஏற்கெனவே இருந்தன. பிள்ளைகளுக்கென்று ஒன்றும் இல்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு பையனின் காரில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், இவன் பிறந்தது ஹூஸ்டனில். அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடும் நாட்களில் ரேடியோ அம்மாவுக்குச் சொந்தம்: அக்கார்டியன், டிரம்பெட், காதல் தோற்றவனின் புலம்பல். அம்மா இறங்கிக் கதவைச் சாத்தியதும் இவன் கை தானாகப் போய் ஆங்கில ஹிப்ஹாப் நிலையத்தைத் தட்டும். மெகா வந்த பிறகு அதற்கும் ஒரு பட்டன் ஒதுக்கினான். அதில் ஆர்ஜே மணி சொல்வது ஆங்கிலத்தில், ஊரைச் சுற்றும் 610 லூப் சாலையில் லாரி கவிழ்ந்து கிடப்பதைச் சொல்வது ஸ்பானிஷில். எடுத்த வாக்கியத்தை எந்த மொழியில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. விபத்து வழக்கறிஞரின் விளம்பரம் ஸ்பானிஷில் ஓடிக்கொண்டே வரும், போன் நம்பர் மட்டும் ஆங்கிலத்தில் விழும். அந்தப் பையன் அம்மாவோடு போனில் பேசுவதும் அச்சு அசல் அப்படித்தான்.

சென்னையில் ஆர்ஜே ஆங்கிலத்தை அள்ளித் தெளிப்பது பெரும்பாலும் மிடுக்குக்காக. கேட்கிறவர் வீட்டில் பேசுவது தமிழ், அவருக்குத் தமிழ் மட்டுமே போதும். ஹூஸ்டன் பையனுக்கோ பள்ளிக்கூடமும் நண்பர்களும் ஆங்கிலம், வீடும் சர்ச்சும் ஸ்பானிஷ். பேச்சு முதலில் அப்படி ஆனது, ரேடியோ அதற்குப் பல பத்தாண்டு கழித்து வந்து சேர்ந்தது. (எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டால் உங்கள் கட்டுரையாளர் மயங்கி விழுவார், அது வேறு கதை.)

டெக்சாஸில் இந்தக் கலப்புக்கு வயது அதிகம். மெக்சிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கம் பிறந்த ஃப்ரெடி ஃபெண்டர் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானிஷிலும் பாடிய ஒரு பாட்டு 1975-இல் நாடு முழுக்க முதலிடம் பிடித்தது. தொண்ணூறுகளில், டெக்சாஸில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் டெஹானோ இசை நிலையங்களில் பாட்டு ஸ்பானிஷில் இருக்கும், அறிவிப்பாளர் இரண்டு மொழியிலும் பேசுவார். அந்த இசையின் ராணி செலினா ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். ஸ்பானிஷ் பாட்டுகளை முதலில் ஒலி பிடித்துப் பழகிப் பாடியவர். 1995 பிப்ரவரியில் இங்கே ஆஸ்ட்ரோடோம் அரங்கில் அவர் கச்சேரிக்கு 60,000 பேருக்கு மேல் கூடினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, 2004-இல் ஏதோ ஒரு நிறுவனத்தின் மூளையில் இருமொழி ரேடியோ உதித்ததைப் போல எழுதியிருப்பது சரியல்ல.

ஸ்பானிஷ் கரைகிறது என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. 2017-இல் பெரும்பகுதி ஸ்பானிஷில் இருந்த ஒரு பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது. 2022-இல் அமெரிக்காவின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆல்பம் பாடகர் பேட் பன்னியுடையது, முழுக்க ஸ்பானிஷ். பேரப்பிள்ளைகள் ஸ்பானிஷை மறப்பது உண்மைதான். ஆனால் அது பள்ளிக்கூடத்திலும் சாப்பாட்டு மேசையிலும் நடக்கிறது. ரேடியோவின் தலையில் கட்ட முடியாது.

எனக்கு ஆதங்கம் இருப்பது வேறு இடத்தில். மெகாவில் முதலில் ஒலித்தது ரெகேட்டோன், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் இசை. ஹூஸ்டனின் ஹிஸ்பானிக் மக்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. நியூயார்க்குக்கும் மயாமிக்கும் பொருந்தியது இங்கேயும் போகும் என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ரெகேட்டோன் பாடகர் டாடி யாங்கியின் அலை அடித்த அந்த இரண்டு மூன்று ஆண்டு அது ஓடவும் செய்தது. அலை வடிந்ததும் நாட்டின் பல ஊர்களில் ரெகேட்டோன் நிலையங்கள் சத்தமில்லாமல் வேறு வேடம் கட்டின. ஹூஸ்டன் மெகா பாட்டுகளை மாற்றி மாற்றித் தாக்குப்பிடித்தது. இதில் எந்தக் கட்டத்திலும் ராக் கேட்டவனையும் யாரும் கேட்கவில்லை, ரெகேட்டோன் கேட்டவனையும் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் கட்டுரை 'அரசு அனுமதியுடன்' மாற்றம் நடந்ததாகச் சொல்கிறது. அப்படி ஓர் அனுமதியே கிடையாது. நியூயார்க்கில் டபிள்யூஎன்சிஎன் என்ற செவ்வியல் இசை நிலையம் 1974-இல் ராக்குக்கு மாறியபோது நேயர்கள் சங்கம் சேர்த்துப் போராடினார்கள். அடுத்த ஆண்டே செவ்வியல் இசை திரும்பியது. ஆனால் இசை வகை மாறும்போது அரசு தலையிட வேண்டுமா என்ற வழக்கு நடந்துகொண்டே இருந்தது. தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, அதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றது. 1981-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் எஃப்சிசி பக்கம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து நிலையம் என்ன பாடினாலும் அது உரிமையாளர் இஷ்டம். அதே டபிள்யூஎன்சிஎன் 1993-இல் மறுபடி ராக்காக மாறியபோது நேயர்களால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

சந்தை என்றால் நேயர் எண்ணிக்கை. அதை எண்ணுகிற விதம் மாறினாலே ஒரு நிலையத்தின் தலையெழுத்து மாறிவிடும். முன்பெல்லாம் ஆர்பிட்ரான் நிறுவனம் சில வீடுகளுக்கு நோட்டு கொடுத்து, ஒரு வாரம் எதைக் கேட்டோம் என்று எழுதி வாங்கும். 2007-இல் ஃபிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும் அதை நிறுத்திவிட்டு, இடுப்பில் மாட்டும் பேஜர் மாதிரி ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அது மற்ற நகரங்களுக்கும் போனபோது ஸ்பானிஷ் நிலையங்களும் கறுப்பின மக்களின் நிலையங்களும் எண்ணிக்கையில் சரிந்தன. கருவி வாங்கியவர்களில் எங்கள் ஆட்கள் போதுமான அளவு இல்லை என்று அந்த நிலையத்தார் சண்டை போட்டார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2008-இல் வழக்கே தொடர்ந்தார், அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. இருமொழி வீட்டில் அந்தக் கருவி யார் இடுப்பில் இருக்கிறது, அம்மாவிடமா பிள்ளையிடமா என்பதை வைத்து ஒரு நிலையத்தின் விளம்பர வருமானமே ஏறி இறங்கும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்று இருந்த வரம்பை அந்தச் சட்டம்தான் எடுத்தது. கிளியர் சேனல் ஏறத்தாழ 1,200 நிலையங்களுக்கு அதிபதியானது அதன் பிறகுதான். அதே நிறுவனத்தின் தலைமையகம் அப்போது இருந்த சான் அன்டோனியோவில், 1946-லேயே ரவுல் கோர்டெஸ் என்பவர் கேகோர் என்ற முழுநேர ஸ்பானிஷ் நிலையத்தைத் தொடங்கியிருக்கிறார். ஹிஸ்பானிக் ஒருவர் சொந்தமாக வைத்து நடத்திய முதல் முழுநேர ஸ்பானிஷ் நிலையம் அது. அவரைப் பற்றியும் நாலு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்