விஷச் செடிகளின் இலைப்படத் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

இலையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் அது நஞ்சுள்ள செடியா என்று எச்சரிக்கும் செயலி ஒன்றை உருவாக்கும் வேலையில் எங்கள் குழு இறங்கியிருக்கிறது. தாவரவியலாளர்கள், கணினித் துறையினர், மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், ஆசிரியர்கள் சேர்ந்த குழு இது. யாருக்கும் சம்பளம் இல்லை. இதுவரை கைக்காசைப் போட்டு ஓட்டிவிட்டோம். அடுத்த கட்டம் அதற்குக் கட்டுப்படாது.

செயலி இயங்குவது ஆழ்கற்றலில், அதாவது ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறையில். ஆழ்கற்றல் என்றதும் விலை உயர்ந்த கணினிக்குத்தான் பணம் கேட்கிறார்கள் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது இந்த வேலையில் சிறிய செலவு. படங்களை அடையாளம் காணும் நரம்பணு வலைகள் (இப்படிப் பழக்கப்படும் கணினி நிரல்கள்; சுருக்கமாக ‘வலை’) இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பல லட்சம் பொதுப் படங்களில் ஏற்கெனவே பயின்ற ஒரு வலையை எடுத்து, அதன் கடைசி அடுக்குகளை நம் இலைகளுக்கு ஏற்பப் பயிற்றுவித்தால் வேலை தொடங்கிவிடும். இந்தப் பயிற்சிக்கு வேண்டிய வேகமான கணினிச் சில்லான ஜிபியுவின் வாடகையும் சில நாள்களுக்குத்தான். பணம் கரைவது வேறு இடத்தில்: வெட்டவெளியில் எடுத்த படம், அதற்குத் தவறில்லாத பெயர்.

ஏன் வெட்டவெளி? 2016-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறோம். பிளான்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப்படத் தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு பயிர் நோய்களை அடையாளம் காண ஒரு வலையைப் பயிற்றுவித்தார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் அது 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சீரான பின்னணியில், பறித்து வைத்த இலையைப் பார்த்துப் பழகிய வலை அது. நிழலும் புழுதியும் பூச்சி அரித்த ஓட்டையும் அதற்குப் புதிது. பயிர் நோயில் தவறினால் விளைச்சல் போகும். எங்கள் விஷயத்தில் போவது உயிர்.

இலையைப் பறித்துவிட்டால் தடயமும் போய்விடுகிறது என்பது இன்னொரு சிக்கல். அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கணுவுக்கு மூன்று இலைகள். நடுநரம்பின் இரு பக்கமும் சீப்பின் பற்கள்போல நெருக்கமான பக்க நரம்புகள். மஞ்சள் அரளியில் இலைகள் ஒவ்வொன்றாக மாறி மாறி நிற்கும். பக்க நரம்புகள் கண்ணுக்குத் தென்படுவதே அரிது. இரண்டின் நஞ்சும் இதயத்தைத்தான் தாக்கும். மேசைமேல் கிடக்கும் ஒற்றை இலையில் கணு ஏது? எனவே ஒவ்வொரு செடியையும் மேல்புறம், அடிப்புறம், காம்பு தண்டில் சேரும் இடம், கிளை முழுவதும் என்று பல கோணங்களில் எடுக்கிறோம். துளிரையும் முற்றிய இலையையும் தனித்தனியே.

பிறகு பெயர். குன்றிமணிக் கொடியின் இலை, அவசரத்தில் பார்ப்பவருக்குப் புளிய இலைபோலத் தெரியும். செங்காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பி ஆவதற்கு முன்பு அதை இனங்காண்பது தாவரவியலாளருக்கே கடினம். கிழங்கிலோ கொல்லும் அளவுக்கு கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பூவோ காயோ பார்க்காமல் பெயரை உறுதிசெய்ய எங்கள் தாவரவியலாளர்கள் மறுக்கிறார்கள், அது சரியும்கூட. விளைவு, இலையை இன்று படம் எடுத்துவிட்டு, அதே செடி பூக்கும்போது மறுபடியும் அங்கே போய் நிற்க வேண்டும். நீங்கள் தரும் பணத்தில் பெரும்பங்கு இந்த இரண்டாவது பயணத்துக்குத்தான் போகும்.

ஒரே செடியின் படங்களில் சிலவற்றைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்துவைத்துப் பெரிய சதவீதம் காட்டுவது எளிது; வலைக்கு அது ஏற்கெனவே பார்த்த செடி. நாங்கள் செடி வாரியாகப் பிரிக்கிறோம்: பயிற்சியில் வந்த செடி சோதனையில் வராது. எண் குறைவாக வரும், வரட்டும்.

விஷச் செடிகளை மட்டும் கற்ற வலைக்கு உலகமே விஷச் செடிதான். உங்கள் உள்ளங்கையைக் காட்டினாலும் தனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றைச் சொல்லும். ஆகவே நஞ்சில்லாத செடிகளையும், குறிப்பாகத் தோற்றத்தில் ஏமாற்றும் செடிகளையும் அதே அக்கறையோடு படம் எடுக்க வேண்டியிருக்கிறது. வேலை இரட்டிப்பாவது இதனால்தான். ஐயம் இருந்தால் செயலி ‘தெரியவில்லை’ என்று சொல்லும். ‘உண்ணலாம்’ என்று எந்த இலைக்கும் சொல்லாது. இப்படிச் சொல்லும் செயலியை யார் பயன்படுத்துவார்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஊமத்தை இலையைக் கீரை என்று நம்பிச் சமைப்பதைவிட, ‘தெரியவில்லை’ என்ற பதிலால் எரிச்சலடைவது மேல் என்பது எங்கள் கட்சி.

நஞ்சை உண்டுவிட்டவர் படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செயலியின் முதல் திரையிலேயே இது இருக்கும்.

படங்கள், பெயர்கள், பயின்ற வலை மூன்றையும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். இணையம் இல்லாத இடத்திலும் ஓடும்படி வலையைச் சிறிதாக்கிக் கைப்பேசியிலேயே வைக்கப்போகிறோம். தொகுப்பின் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் நன்கொடையை, தொகை எவ்வளவாக இருந்தாலும், ஏற்க மாட்டோம்.

குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. பணம் தர இயலாதவர்கள் பயன்பாட்டில் இல்லாத கேமரா, ஹார்டு டிஸ்க், ஜிபியு நேரம் தரலாம். பூ, காய் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் மாதம் ஒரு நாள் தந்தால் அதைப் பெரிய நன்கொடையாகவே கணக்கில் எழுதுவோம். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. குழுவின் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கும், அதுவரை பெயர் உறுதியான செடிகளின் பட்டியலும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் பணம் தரும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்