ரெசினை ரெசின் என்றே விற்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் ஒரு கடையில் நான் செய்த சங்கிலிப் பென்டனை "அசல் எனாமல்" என்று சொல்லி விற்றார்கள். மனசு கேட்கவில்லை.

எனாமல் என்பது கண்ணாடித் தூளை 800 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைப்பது. நான் செய்வது, பித்தளைக் குழிக்குள் நிறம் கலந்த ரெசினை, அதாவது ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினை, ஊசிமுனையால் சொட்டுச் சொட்டாக நிரப்புவது. எங்கள் லயத்து வீட்டுக் குளிரில் ரெசின் தேன் மாதிரித் தடித்துவிடும். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்தால்தான் குமிழி குறையும். மழை நாளில் ஊற்றினால் மேலே பாலாடை போல மங்கல் படியும்.

நல்ல வேலைதான், ஆனால் வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். வாங்குபவருக்கு இது தெரிய வேண்டும். கடைக்காரர்கள் விலைச்சீட்டில் "ரெசின்" என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கைவினை செய்யும் ஒரு வாசகி,
ஹட்டன்.