புறவாசல் வேம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் பேசினால் நீ அவசரப்படுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

சித்திரையிலேயே புறவாசல் வேம்பை வெட்டிவிட்டு, உன் கல்யாணத்துக்குள் அந்த இடத்தில் அறை கட்டிவிடலாம் என்றாய். கொத்தனாரும் வந்து அளந்து பார்த்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தவர், "ஆச்சி, இதில் எப்படிக் கோடாலி வைப்பது?" என்றார். பதினொரு கூடு இருக்கிறது, தம்பி. எல்லாம் மஞ்சள் மூக்கு நாரை. வெளியூரார் நம் கூந்தன்குளத்துக்கு வரும் அத்தனையையும் வெளிநாட்டுப் பறவை என்பார்கள். நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகள்தான், முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கத்தான் இங்கே வருகின்றன. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுத் திரும்பிவிடும், இங்கே கூடு கட்டாது. இந்த வருஷம் வந்தவை போயாகிவிட்டன.

மத்தியான வெயிலில் நீ இந்த மரத்தைப் பார்க்க வேண்டும். தாய்நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் விரித்து அப்படியே நிற்கும். அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். இன்னொன்று குளத்துக்குப் போய் வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். நேற்று உலைநீர் கொதித்து வழிந்ததுகூடத் தெரியாமல் நின்று பார்த்தேன்.

நாற்றம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். எச்சம் விழுந்து தட்டோட்டுத் தளமே வெள்ளையாகிவிட்டது. துணியை முன்வாசலில்தான் காயப்போடுகிறேன். வரப்போகிற பெண் முகம் சுளிப்பாளோ என்று நீ கவலைப்படுவதும் புரிகிறது. ஆனால் அந்த எச்சம் கலந்த வண்டலைப் போட்டுத்தான் உன் தாத்தா வயலில் நெல் விளைந்தது. குளம் வற்றியதும் வண்டிவண்டியாக அள்ளிப் போடுவார், வேறு உரம் தேடவில்லை.

1994-இல் அரசாங்கம் சரணாலயம் என்று அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊர் இவற்றைக் காத்துவந்தது. பிள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை எப்படி விரட்டுவது என்பார் உன் ஆச்சி. தீபாவளிக்கு நீ வெடி கேட்டு அழுதாய், நினைவிருக்கிறதா? கம்பி மத்தாப்பு மட்டும் வாங்கித் தந்தோம். அன்றைக்கு உன்னை ஏங்கவைத்தது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. இருந்தாலும் ஊரே வெடிக்காதபோது நம் வீட்டில் மட்டும் வெடிக்க முடியுமா?

அப்புறம், உன் சித்தி மகள் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வந்தாள். 2011-இல் தொடங்கியது அது. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு குளம்குளமாக எண்ணினார்களாம். 2022-இல் நம் குளத்துக்கு, உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்த செய்தி வந்தபோதும் அவள்தான் ஓடிவந்து சொன்னாள். இப்போது காலையில் மரத்தடிகளைச் சுற்றிவருகிறாள். காற்றில் விழுந்த குஞ்சைக் கூடையில் எடுத்துப்போய் வனத்துறைக் கூண்டில் சேர்க்கிறாள். மீன் கொடுத்துத் தேற்றினால் சில பிழைத்துப் பறக்கின்றன. நம் வேம்பிலிருந்து விழுந்த ஒன்று பிழைக்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு இதுதான் கவலை, தம்பி. மணிமுத்தாற்றுத் தண்ணீர் காலத்துக்கு வந்து குளம் பெருகினால்தான் இவை வரும். மழை பொய்த்த வருஷங்களில் மரம் வெறுமையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை வரவைக்க என்னால் முடியாது. மரத்தை விட்டுவைக்க முடியும்.

அதனால் கொத்தனாரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். ஆடியில் வேலை தொடங்கக் கூடாது. ஆவணியில் கடகால் தோண்டினாலும் தைக்குள் அறை முடிந்துவிடுமாம். அப்போதும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கிழக்கே எட்டடி தள்ளினால் தொழுவம் இருந்த இடத்தில் அறை வந்துவிடும், ஜன்னல் மட்டும் சின்னதாகும். அவரிடம் கேட்டுவிட்டேன். நீயும் ஒருமுறை பேசிவிடு. முன்பணம் அவரிடமே இருக்கட்டும்.

பெண்வீட்டாரையும் அடுத்த மாதமே ஒருநாள் கூட்டிக்கொண்டு வா. குஞ்சுகள் இருக்கும்போதே அவள் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா