பிள்ளைகளின் காதலில் புகும் கொடுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்கள்மீதான வன்முறையைப் பற்றி ஆண்டுதோறும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை நம் தென்னாப்பிரிக்காவில் நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் கணவன் மனைவி வருகிறார்கள். பள்ளிச் சீருடையிலேயே காதலிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகள் வருவதில்லை. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் எனக்கு அது பெருங்குறையாகப் படுகிறது.

அடிப்பது தவறு என்பது இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அடிக்கு முன்னால் வருவதுதான் கண்ணில் படுவதில்லை. வகுப்புக்கு வரும் ஒரு பெண், தன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகே புத்தகத்தைத் திறப்பாள். சற்றுத் தாமதித்தால் அழைப்புக்கு மேல் அழைப்பு வரும். ஏனம்மா என்று கேட்டதற்கு, "அவனுக்கு என் மேல் அவ்வளவு அக்கறை, டீச்சர்" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் பயமில்லை, பெருமைதான் இருந்தது. கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது, தோழிகளிடமிருந்து பிரிப்பது, விட்டுப் போனால் செத்துவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாமே அவர்களுக்கு ஆழ்ந்த அன்பின் அடையாளங்களாகத் தோன்றுகின்றன. பையன்களோ, காதலி கன்னத்தில் அறைந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேலிதான் மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் அறியாத இதைச் சட்டம் அறிந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மணமானவர்களுக்கு மட்டும் உரியது அன்று. காதலித்துப் பழகுகிறவர்களுக்கும், அந்தப் பழக்கம் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அது பொருந்தும். 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், ஒருவரை ஆட்டிப்படைத்துக் கட்டுக்குள் வைப்பதையும் மிரட்டிப் பணியவைப்பதையும் தனித்தனியே விளக்கிக் குடும்ப வன்முறையின் வகைகளாகச் சேர்த்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகூட, பெற்றோரின் துணையின்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், தன்னைத் துன்புறுத்தக் கூடாது என்று மற்றவரைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணையைக் கோரலாம். சட்டம் பெற்றோரின் துணையைக் கட்டாயமாக்காததற்குக் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நம் வீடுகளில் ஒரு பெண் துணிந்து வாய் திறந்தால், முதலில் விழும் கேள்வி "படிக்கிற வயதில் உனக்குக் காதல் ஒரு கேடா?" என்பதுதான். கைபேசி பறிபோகும், வெளியே போவது நிற்கும், அப்பாவின் முகம் திரும்பிக்கொள்ளும். தன்னைக் கட்டிப்போடுகிறவனைப் பற்றிச் சொல்ல வந்தவளை நாமும் கட்டிப்போட்டால், அடுத்த முறை அவள் யாரிடம் போவாள்? காதலை ஏற்கிறோமா இல்லையா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அவள் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். அவனுடைய கோபத்துக்கு அவள் காரணமல்ல என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தாங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கும் முறையை எளிய தமிழில் வெளியிடுங்கள். குழந்தைகளுக்கான 116 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அதனுடன் அச்சிடுங்கள். அதைக் கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் ஒட்டும் வேலையை நானும் என் சக ஆசிரியைகளும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்