கொழுப்பு எனக்கில்லை அத்தை, மீன் முட்டைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

போன மாதம் உசிலம்பட்டிக்கு வந்தபோது "என்னத்தடா படிக்கிற" என்று கேட்டீர்கள். "கொழுப்பு" என்றேன். "அதான் பார்த்தாலே தெரியுதே" என்றீர்கள், திண்ணையே சிரித்தது. பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் லேப்பில் வளர்ப்பது ஜீப்ரா மீன், தொட்டிமீன் கடையில் கோடு கோடாக ஓடுமே, அதேதான். முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், நீங்கள் கோழி முட்டைக்கு அடிப்பது போல டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதில்லை. முதல் 3 மணி நேரம் குஞ்சின் சொந்த ஜீன்கள் அநேகமாக வாயே திறக்காது, தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில்தான் வண்டி ஓடும். அப்புறம் ஒவ்வொன்றாக விழிக்கும், ஒரு நாளில் இதயம் துடித்துவிடும்.

அந்த இதயம் மீனோ கோழியோ நாமோ, யாருக்குமே முதலில் ஒன்றாக இருப்பதில்லை. இடமும் வலமுமாக இரண்டு பட்டையாக உருவாகி, நடுவுக்கு நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. மீனில் அந்த நகர்வுக்கு ஒரு கொழுப்பு வேண்டும். ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்று பெயர், வயிற்றில் தொங்குகிற வகை இல்லை, சேதி கொண்டுபோகிற வகை. சேதியை வாங்கிக்கொள்ள செல்லின் மேல் ரிசப்டர் இருக்கிறது. அதன் ஜீன் கெட்டுப்போன குஞ்சில் பட்டைகள் சேராது, இரண்டு பக்கமும் இரண்டு குட்டி இதயம் தனித்தனியாகத் துடிக்கும். 'மைல்ஸ் அபார்ட்', அதாவது மைல் கணக்கில் தள்ளி, என்று பெயர் பெற்ற இந்தக் குஞ்சைப் பற்றி 2000-இல் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அதில் வருகிற சோதனை: கெட்ட குஞ்சின் இதயச் செல்லை நல்ல குஞ்சுக்குள் வைத்தால் ஒழுங்காக நடுவுக்கு வந்துவிட்டது, நல்ல செல்லைக் கெட்ட குஞ்சுக்குள் வைத்தால் நகரவில்லை. இதயத்தின் மேல் குற்றமே இல்லை, அது நடக்கிற தரைதான் சரியில்லை. பிறகு 2008-09 வாக்கில் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். மஞ்சள் கருவின் மேல் பாலாடை மாதிரி படிந்த ஏட்டில் அந்தக் கொழுப்பை வெளியே தள்ளும் கதவு ஒன்று இருக்கிறது, அது கெட்டாலும் அதே இரட்டை இதயம். அந்த மீனுக்கு 'டூ ஆஃப் ஹார்ட்ஸ்' என்று பெயர், மாமா சீட்டில் போடுகிற ஆர்ட்டின் ரெண்டு!

(அதே ரிசப்டர் இல்லாத எலிக்கு இதயம் ஒன்றுதான், ஆனால் காது கேட்காது. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், பஸ் வந்துவிடும்.)

என் வேலை, இந்த ரிசப்டர் ஜீன்கள் எந்த மணிக்கு எந்த இடத்தில் விழிக்கின்றன என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது. விழித்த இடம் மட்டும் ஊதாவாகும், சரியான நேரத்தில் நிறுத்த வேண்டும். முந்தாநாள் டீ குடிக்கப் போனவன் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து பார்த்தால், முப்பது குஞ்சும் முழுக் கத்தரிக்காய்.

அடுத்த தடவை கோழியை அவயத்துக்கு வைக்கும்போது ஒரு முட்டை மேல் கரிக்கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். கோழிக்கு ஒன்றரை நாளில் துடிப்பு ஆரம்பிக்கும், சேர்ந்து பார்க்கலாம். கூமுட்டையைத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள்.

உங்கள் மருமகன்,
நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து